2என்3055 டிரான்சிஸ்டர் ஐந்து வாங்கினேன், இரண்டு போய்விட்டது: ஆன்லைனில் எதை நம்பி வாங்குவது?

தையல்மெஷின்காரன், புதுக்கோட்டை

எல்லோருக்கும் வணக்கம். பகலில் தையல் மெஷின் சர்வீஸ். எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல், வீட்டுக்காரம்மா தூங்கிய பிறகுதான்.

மேசைக்கு ஒரு பவர் சப்ளை செய்துகொண்டிருக்கிறேன். 24 வோல்ட் 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் எல்எம்723 ஐசி, அதற்குப் பின் பிடி139 டிரான்சிஸ்டர், கடைசியில் முழு கரன்டையும் சுமக்கும் பவர் டிரான்சிஸ்டர் 2என்3055. கரன்ட் லிமிட் 3 ஆம்ப். டிரான்சிஸ்டரை ஒரு ஆன்லைன் கடையில் வாங்கினேன், ஐந்து சேர்த்து 110 ரூபாய். படத்தில் பளபளவென்று இருந்தது, வந்ததும் அப்படியேதான் இருந்தது.

12 வோல்ட்டில் வைத்து, கார் பிரேக் லைட் பல்பு (21 வாட்) மாட்டினேன். இரண்டு நிமிடம் நன்றாக எரிந்தது. அப்புறம் ரொம்ப நன்றாக எரிந்தது. அப்புறம் எரியவே இல்லை. அளந்து பார்த்தால் கலெக்டரும் எமிட்டரும் ஒன்றாகிக் கிடக்கின்றன. அடுத்ததைப் போட்டு, ஃபேன் வைத்து ஓட்டினேன். நாலு நிமிடம் தாங்கியது. கடைக்கு எழுதினேன். சால்டர் வைத்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டார்களாம்.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் வர ஒரு ராத்திரி பஸ், ஒரு நாள் கடை மூடல். 2 டிரான்சிஸ்டருக்காக அது கட்டாது. ஆன்லைனிலேயே ஒரிஜினலாகக் கிடைக்க வழி இருக்கிறதா? அல்லது என் சர்க்யூட்டில்தான் தப்பா?

பழைய ரேடியோ, மதுரை

தம்பி, முதலில் சர்க்யூட்டைப் பார்ப்போம், கடைக்காரனை அப்புறம் திட்டலாம்.

24 வோல்ட் ஏசியைப் பிரிட்ஜில் விட்டால் கெப்பாசிட்டரில் 32, 33 நிற்கும். வெளியே 12. நடுவில் உள்ள 20 வோல்ட்டை அந்த டிரான்சிஸ்டர்தான் சுமக்கிறது. பல்பு இழுப்பது 1.75 ஆம்ப். ஆக 35 வாட் சூடு. போதாததற்கு, குளிர்ந்த பல்பு முதல் நொடியில் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி. அந்த நேரம் உன் 3 ஆம்ப் லிமிட் வரை போயிருக்கும்.

டேட்டா ஷீட்டில் 115 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உறை 25 டிகிரியில் இருந்தால்தான் அது. உறை 100 டிகிரிக்குப் போனால் தாங்குவது 65 வாட்தான். இருந்தாலும் 35 வாட்டுக்கு ஒரிஜினல் 2என்3055 இரண்டு நிமிடத்தில் சாகாது. சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க் என்ன அளவு? டிரான்சிஸ்டருக்கும் அதற்கும் நடுவில் வைக்கும் மைக்காவுக்கு இரண்டு பக்கமும் பேஸ்ட் தடவினாயா? தடவியிருந்தால் சந்தேகம் உள்ளே இருக்கும் சில்லு மேல்தான்.

செத்ததில் ஒன்றின் மூடியை ஹேக்ஸா வைத்து ஓரமாக அறுத்துத் திற. எப்படியும் குப்பைக்குப் போவதுதானே. நல்லதில் சில்லு ஒரு பக்கம் பொதுவாக 4 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். (2என்3055-க்கு மட்டும்தான் இந்த வைத்தியம். டிரான்ஸ்மிட்டரில் வரும் ஆர்எஃப் பவர் டிரான்சிஸ்டர்களை அறுக்கவே கூடாது. சிலவற்றின் உள்ளே பெரில்லியம் ஆக்சைடு இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம்.)

நான் டிவி சர்வீஸ் செய்த காலத்திலும் டுப்ளிகேட் இருந்தது. அப்போது கடையில் கையில் வாங்கிப் பார்ப்போம், எழுத்து நகத்தில் உரிந்தால் வேண்டாம் என்போம். இப்போது லேசரில் அழகாக எழுதிவிடுகிறார்கள்.

ஓம்விதி, கோவை

அண்ணே, எங்கே வாங்குவது என்பதற்கு நான் சொல்கிறேன். காலேஜ் புராஜெக்டில் நிறைய காசு விட்ட அனுபவம்.

எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்க வேண்டாம். ரெசிஸ்டர், எல்இடி, சுவிட்ச், வயர், பெர்ஃப் போர்டு எல்லாம் எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள், பெரிதாக மோசம் வராது. பவர் டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட், ரெகுலேட்டர், பெரிய எலக்ட்ரோலிடிக், லித்தியம் செல் இவற்றில்தான் டுப்ளிகேட் குவிகிறது. 18650 செல்லில் 9900 எம்ஏஎச் என்று விற்பார்கள். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனியே 3500 பக்கம்தான் தருகிறது.

இவற்றை மட்டும் தயாரிப்பாளரிடமிருந்து நேராக வாங்கி விற்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்குங்கள்: மவுசர், டிஜி-கீ, எலிமென்ட்14. இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். சின்ன ஆர்டருக்குக் கூரியர் செலவு பொருளை விட அதிகமாகிவிடும். அதனால் நாங்கள் நாலு பேர் லிஸ்ட் சேர்த்து மாதம் ஒரு முறை போடுவோம். வெளிநாட்டிலிருந்து வந்தால் கூரியர்காரர் கேஒய்சி கேட்பார், வரியும் உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அங்கே பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். எல்எம்358 இருபது வாங்கினேன், விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். வந்தது எல்எம்358டிஆர். பிரெட்போர்டில் குத்த முடியாத குட்டி எஸ்எம்டி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கடைசியில் பி என்றால்தான் துளையில் செருகும் டிப் வகை. அந்த இருபதும் இன்னும் மாத்திரை டப்பாவில் தூங்குகின்றன.

சும்மா பார்க்க வந்தவன்

2என்3055-தான் வேண்டும் என்று என்ன பிடிவாதம்? டிப்3055 போடலாமே. அதே 15 ஆம்ப், 60 வோல்ட், பிளாஸ்டிக் உறை, ஒரே ஸ்குரூ. 2என்3055-இன் டிஓ-3 இரும்பு உறைக்கு நாலு ஓட்டை போட்டு அலைய வேண்டாம்.

பழைய ரேடியோ, மதுரை

போடலாம், ஆனால் அது 90 வாட்தான். எதைப் போட்டாலும் இரண்டாகப் போடு. ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.22 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வைத்தால் கரன்டைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். 5 வோல்ட் 2 ஆம்ப் எடுக்கும் நாளில் 54 வாட் சூடு வரும், அப்போது புரியும்.

தையல்மெஷின்காரன், புதுக்கோட்டை

அறுத்துவிட்டேன் ஐயா. மூடியைத் தூக்கியதும் முதலில் சில்லையே காணவில்லை, லென்ஸ் வைத்துத்தான் தெரிந்தது. வெர்னியரில் 2 மில்லிமீட்டர் கூட முழுசாக வரவில்லை. மிளகில் பாதி. அத்தனை பெரிய இரும்புத் தொப்பி அதற்கு! பேஸ்ட் தடவியிருந்தேன், ஹீட் சிங்க் பழைய ஆம்ப்ளிஃபயரில் கழற்றியது, உள்ளங்கை அளவு. அது சிறிசுதான், ஒத்துக்கொள்கிறேன்.

பாக்கி மூன்றில் ஒன்றைப் பையன் சாவிக்கொத்துக்கு வாங்கிக்கொண்டான். தம்பி ஓம்விதி, உங்கள் அடுத்த மாத லிஸ்டில் டிப்3055 நாலு சேர்த்துவிடுங்கள், பணம் முன்னாடியே அனுப்பிவிடுகிறேன். ஐயா, 0.22 ஓம் இங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் இல்லை. 0.47 இருக்கிறதாம், இரண்டை இணையாகப் போட்டால் ஆகுமா?

பழைய ரேடியோ, மதுரை

ஆகும். 0.235 வரும். டிரான்சிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு, மொத்தம் நாலு வாங்கு. போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்து சால்டர் பண்ணு, அதுவும் சுடும்.