ஒரே கணினியில் இரண்டு டாம்கேட்: போர்ட்டுகளைப் பிரித்தும் உள்நுழைவு மோதுகிறது

அனைவருக்கும் வணக்கம். ஒரே லினக்ஸ் கணினியில் ஜாவா வலைச் செயலிகளுக்கான டாம்கேட் சர்வர்கள் இரண்டை இயக்குகிறேன். டாம்கேட்டின் நிரல் கோப்புகள் உள்ள கேட்டலினா ஹோம் இரண்டுக்கும் பொதுவாக இருக்க, அமைப்புகளும் செயலிகளும் உள்ள கேட்டலினா பேஸ் மட்டும் தனித்தனிக் கோப்புறைகளைச் சுட்டுகிறது. இரண்டாவதன் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் பிரவுசர் இணையும் போர்ட்டான 8080-ஐ 8081 ஆகவும், பலர் கவனிக்கத் தவறுகிற ஷட்டவுன் போர்ட்டான 8005-ஐ 8006 ஆகவும் மாற்றியிருப்பதால், இரண்டும் சிக்கலின்றித் தொடங்குகின்றன. முன்னால் உள்ள வலை சர்வருடன் பேசுவதற்கான ஏஜேபி நெறிமுறை இரண்டிலும் முடக்கப்பட்டுள்ளது.

ஆனால், ஒரே பிரவுசரில் 8081-இல் உள்ள செயலியில் உள்நுழைந்தவுடன், 8080-இல் ஏற்கெனவே இருந்த உள்நுழைவு அறுந்துவிடுகிறது. பிரவுசர் சேமித்துவைக்கும் சிறு தரவுகளான குக்கீகள் போர்ட் எண்ணைக் கொண்டு வேறுபடுத்தப்படுவதில்லை. இரண்டு செயலிகளும் ரூட் பாதையிலேயே (/) இயங்குவதால், உள்நுழைவை அடையாளம் காட்டும், ஒரே பெயருடைய ஜேசெஷன்ஐடி குக்கீயை ஒன்றன்மேல் ஒன்று எழுதிவிடுகின்றன என்றே கருதுகிறேன். படிவத்தைப் பாதி நிரப்பியிருக்கும் பயனர் அத்தனையையும் இழக்க நேர்வதுதான் எனக்குப் பெரும் கவலை.

கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் கோப்பில் செஷன் குக்கீயின் பெயரை மாற்றினால் போதுமா, அல்லது முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி சர்வரை (கோரிக்கைகளைப் பெற்று உரிய டாம்கேட்டுக்கு அனுப்புவது) வைத்து இரண்டுக்கும் தனித்தனி ஹோஸ்ட் பெயர் கொடுப்பதுதான் நீண்டகாலத்துக்கு உகந்ததா? இரண்டையும் நடைமுறையில் கையாண்டவர்கள் காரணத்துடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.