இலங்கை ஜனாதிபதி கோட்டா (கோட்டாபய ராஜபக்ச) பதவியை விட்டுப் போன நாட்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

வெள்ளவத்தை வாசி:
2022 ஜூலை 9. இரவு போட்ட ஊரடங்கைக் காலையில் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும், விடுவோம். பெற்றோல் இல்லை. காலி (Galle) வீதியால் நடந்தே கொழும்புக் கோட்டைப் பகுதிக்குப் போனோம். கண்ணீர்ப்புகை அடங்கிய பிறகுதான் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தேன். நீச்சல் தடாகத்தை உலகமே பார்த்துவிட்டது. எனக்கு மனதில் நிற்பது ஓர் அறை. வயதான சிங்கள அம்மா ஒருவர் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஏசிக்கு நேர்கீழே நின்று முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினார். பிறகு என்னிடம், "இங்கே கரண்ட் கட் இல்லையா?" என்று கேட்டார். மார்ச் கடைசியில் 13 மணி நேரம் இருட்டில் கிடந்த சனம் அல்லவா? எனக்குப் பதில் வரவில்லை. போகும்போது லைட் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்த பெடியன் திரும்பப் போட்டான்.

அன்றைக்குத்தான் ஆட்சி கவிழ்ந்தது.

சட்டக்காரன்:
அண்ணை, அன்றைக்குக் கவிழ்ந்தது மாளிகைதான், ஆட்சி இல்லை. ஜனாதிபதி விலகுவதென்றால் சபாநாயகருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் 14ஆம் திகதிதான் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. சபாநாயகர் அறிவித்தது 15ஆம் திகதி. மீதிக் காலத்துக்கு ஆளைத் தெரிவு செய்வது பாராளுமன்றம். இது புதிதும் இல்லை. 1993இல் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டபோதும் விஜேதுங்க அப்படித்தான் வந்தார், ஆனால் அப்போது போட்டி இல்லை. 2022இல் எம்.பி.க்கள் போட்ட வாக்கில் ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டளஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. 2020 தேர்தலில் எந்த மாவட்டத்திலும் ஆசனம் பெறாத கட்சியின் ஒரே தேசியப்பட்டியல் எம்.பி.யான ரணில் ஜனாதிபதி ஆனார். சட்டப்படி அதில் பிழை சொல்ல இடமில்லை.

நான் 20ஆம் திகதி நுகேகொடைத் தேநீர்க் கடையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். 134 என்றதும் கடைக்காரர் பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டு, "மல்லி (தம்பி), எங்களிடம் யார் கேட்டது?" என்றார். அதற்கு அரசியலமைப்பின் எந்தச் சரத்தைக் காட்டுவது?

வன்னியிலிருந்து:
இருவரும் "சனம்", "எங்களிடம்" என்கிறீர்கள். 2019இல் கோட்டாவுக்கு விழுந்தது 69 இலட்சம் வாக்கு. வடக்கு கிழக்கு பெரும்பாலும் எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்குப் போட்டது. 2009இல் போரின் முடிவைப் பார்த்த எங்களுக்கு உங்கள் கொண்டாட்டத்தில் சேரக் கால் எழவில்லை.

13ஆம் திகதி காலை முல்லைத்தீவுப் பக்கம் வீதித் தடையில் நின்றேன். எப்போதும் பையைத் துழாவும் ஆமிக்காரப் பெடியன் அடையாள அட்டையை வாங்கினான், பார்க்கவில்லை. அரைகுறைத் தமிழில், மெல்ல, "போயிட்டாரா?" என்று கேட்டான். "மாலைதீவு" என்றேன். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, "வீட்டில் அம்மா அவருக்குத்தான் போட்டாங்க" என்றான். அடுத்த நாள் அதே பெடியன் வழக்கம்போலப் பையைக் கொட்டினான்.

ஹட்டன் மச்சான்:
நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தேன். டிவி பார்த்தோம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டு வையுங்கள். ஆட்சி ஆடுகிறது என்று தெரிந்தால் முதலில் காஸ் சிலிண்டர் இரண்டாவது ஒன்று வாங்கி வையுங்கள். அப்புறம் கையில் கொஞ்சம் காசு. ஏடிஎம்மை நம்ப வேண்டாம். வீட்டில் பிரஷர், சுகர் உள்ளவர்கள் இருந்தால் ஒரு மாத மருந்து முன்கூட்டியே. அந்த நேரம் பெரிய ஆஸ்பத்திரியிலேயே மருந்து தட்டுப்பாடு. சைக்கிளுக்கு டியூப் மாற்றி வையுங்கள், தட்டுப்பாட்டில் டியூபும் கிடைக்காது. குழந்தைக்குப் பால்மா. விறகு நனையாத இடத்தில். பெற்றோலை மட்டும் வீட்டில் கலனில் சேர்க்காதீர்கள், தீப்பிடித்தால் ஆட்சி மாறுவதற்கு முன் நாம் மாறிவிடுவோம்.

சட்டக்காரன்:
மச்சான், கேட்டது அனுபவம்.

ஹட்டன் மச்சான்:
அதைத்தானே எழுதினேன்! அந்த சிலிண்டருக்கு எத்தனை நாள் லைனில் நின்றோம் என்று வீட்டுக்காரியைக் கேளுங்கள். வெள்ளவத்தை அண்ணை, நீங்கள் நடந்தே போனதாகச் சொன்னீர்கள், திரும்பி வர எதில் வந்தீர்கள்?