நீதிபதிக்குப் பசித்ததா, கைதிக்கு வழக்கறிஞர் இல்லையா?

கணக்குப்பிள்ளை:
நல்ல முடிவெடுக்கும் வழிகள் என்று நிலாமுற்றம் நேற்று எழுதியதைப் படித்தவுடன் எரிச்சல்தான் வந்தது. முக்கியமான எதையும் வயிறு நிறைந்த பிறகே தீர்மானிக்க வேண்டுமாம். இதற்குச் சான்றாக அவர் காட்டுவது, இஸ்ரேலின் பரோல் (தண்டனைக் காலம் முடியும் முன்னரே விடுவிப்பது) விசாரணைகளைப் பற்றி ஷாய் டான்சிகர் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு. எட்டு நீதிபதிகளின் 1,112 தீர்ப்புகளில், அமர்வின் தொடக்கத்தில் ஏறக்குறைய 65 விழுக்காடாக இருந்த சாதகமான முடிவுகள் அமர்வு முடியும் தறுவாயில் பூச்சியத்தை ஒட்டி இறங்கின. உணவு இடைவேளை முடிந்ததும் பழைய உயரத்துக்கே ஏறின. இதை வைத்து, "பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது" என்று அவர் முழங்குகிறார். அதே ஆண்டு அதே ஆய்விதழில் கெரென் வெயின்ஷால்-மார்கெலும் ஜான் ஷாபார்டும் எழுதிய மறுப்பை அவர் கண்டதாகத் தெரியவில்லை. வழக்குகள் குலுக்கிப் போட்டு எடுக்கப்படவில்லை. ஒரு சிறைச்சாலையின் கைதிகள் அனைவரையும் விசாரித்து முடித்த பிறகே இடைவேளை விட முயல்வார்கள். அந்தத் தொகுதிக்குள் வழக்கறிஞர் இல்லாத கைதிகள் பெரும்பாலும் கடைசியில்தான் வருவார்கள். வாதாட ஆளில்லாதவருக்குப் பரோல் கிடைப்பது எந்த நேரத்திலும் அரிது. இதில் நீதிபதியின் வயிறு எங்கே வந்தது?

நிலாமுற்றம்:
கணக்குப்பிள்ளை அவர்களுக்கு வணக்கம். நான் எதை எழுதினாலும் அதில் குறை காண்பதற்கென்றே தாங்கள் விழித்திருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே. அந்த மறுப்புக்கு டான்சிகர் குழுவினர் பதில் எழுதினார்கள். வழக்கறிஞர் இருந்தாரா இல்லையா என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும் சரிவு மறையவில்லை என்று அதில் சொன்னார்கள். தங்கள் வாசிப்பு, தங்களுக்கு வசதியான பக்கத்தோடு முடிந்துவிடுகிறது போலும்.

தென்றல்:
நிலாமுற்றம் சொல்வதே சரி. மன உறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தக் கரைவது என்பதை உளவியலாளர் ராய் பாமைஸ்டர் 1998லேயே சோதனையில் காட்டிவிட்டார். அடுத்தடுத்து முடிவெடுத்துக் களைத்தவர், இருப்பதை மாற்றாமல் விட்டுவிடுவார். பரோலை மறுத்தால் எதுவும் மாறாது, கைதி இருந்த இடத்திலேயே இருப்பார். களைத்த மனத்துக்கு அதுதானே எளிது?

கணக்குப்பிள்ளை:
தென்றல் அவர்களே, அந்தக் கொள்கையை 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் மறுபடி சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டன. விளைவு ஏறத்தாழ இல்லை. இடிந்த சுவரில் சாய்ந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு முட்டுக் கொடுக்க வந்திருக்கிறீர்கள்.

நிலாமுற்றம் அவர்களுக்கு: பதில் எழுதினார்கள் என்பது தெரியும். வழக்கறிஞர் உண்டா இல்லையா என்று கட்டத்தில் குறித்துவிட்டால் வரிசையின் குளறுபடி முழுவதும் தீர்ந்துவிடுமா? ஒரே வழக்கறிஞர் தம் கட்சிக்காரர்கள் பலருக்காக அடுத்தடுத்து வாதாடுகிறார். அவர் எந்த வழக்கை முதலில் எடுத்தார், எதைக் கடைசிக்குத் தள்ளினார் என்பது அந்தக் கட்டத்துக்குள் வருமா? வரிசை குலுக்கலாக அமையாதவரை நீங்கள் பசியைப் பற்றிப் பேசவே முடியாது.

மெய்யறிவன்:
இருவரும் சற்று நில்லுங்கள். பகுத்தறிவுக்கு ஒவ்வாத முடிவு என்று எதைச் சொல்கிறோம்? ஐயம் இருக்கும்போது ஆபத்து குறைந்த பக்கம் சாய்வது பிழையா, முன்னெச்சரிக்கையா? இதை வரையறுக்காமல் நேரத்தையும் உணவையும் பேசிப் பயனில்லை. நடைமுறைக்கு உதவும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உளவியலாளர் சார்ல்ஸ் லார்டும் வேறு இருவரும் 1984இல் செய்த சோதனைகளில், நடுநிலையோடு இருங்கள் என்று கேட்டுக்கொண்டது பெரிதாக உதவவில்லை. இதே சான்று எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமாக இருந்திருந்தால் எப்படி மதிப்பிட்டிருப்பீர்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னது உதவியது.

நிலாமுற்றம்:
மெய்யறிவன் ஐயா, அது தனியாகப் பேச வேண்டியது.

கணக்குப்பிள்ளை அவர்களே, ஆய்வை விடுங்கள், என் மேசைக்கு வாருங்கள். விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை. காலையில் ஒவ்வொரு கோப்பையும் இணைப்புகள்வரை புரட்டிப் பார்க்கிற நான், உணவு நேரம் நெருங்க நெருங்க முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "கூடுதல் விவரம் தேவை" என்று ஓரத்தில் எழுதித் தள்ளிவைக்கிறேன். சாப்பிட்டுத் திரும்பியதும் மறுபடியும் இணைப்புகளைப் புரட்டுகிறேன். இதற்கும் வழக்கறிஞர்தான் காரணமா?

கணக்குப்பிள்ளை:
அருமையான சான்று, எனக்கு. உங்கள் கோப்புகளை அடுக்குவது யார்? எல்லா இணைப்புகளும் ஒழுங்காக உள்ளவற்றை மேலேயும், தாள் குறைந்தவற்றை அடியிலும் வைக்கிற உதவியாளர் ஒருவர் இருந்தால், உணவு நேரத்துக்கு முன் உங்கள் கைக்கு வருபவை கூடுதல் விவரம் தேவைப்படுகிற கோப்புகளாகத்தான் இருக்கும். அடுக்கைத் தலைகீழாக மாற்றி ஒரு வாரம் வேலை செய்துவிட்டு வந்து எழுதுங்கள். அதுவரை நான் கேட்டதையே கேட்பேன்: வரிசை குலுக்கப்பட்டதா, இல்லையா?

நிலாமுற்றம்:
எனக்கு உதவியாளர் என்று எவரும் இல்லை. கோப்புகள் வந்த தேதிப்படி நானே அடுக்குகிறேன். என் மேசையைப் பார்க்காமலேயே அதில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டீர்கள். அதே கற்பனையைத்தான் அந்த நீதிமன்றத்திலும் ஓட்டுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
கற்பனை அன்று. ஆய்விலேயே உள்ள எண்களைத் தருகிறேன்: சாதகமான தீர்ப்புக்குச் சராசரியாக 7.37 நிமிடம் பிடித்தது, பாதகமானதற்கு 5.21 நிமிடம். இடைவேளைக்குச் சிறிது நேரமே இருக்கும்போது, நீளும் என்று தெரிந்த வழக்கைத் தொடங்க யார் விரும்புவார்? அதைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டுச் சிறியதை எடுப்பார். சிறியவை பெரும்பாலும் மறுப்பில் முடிபவை. பசியோ களைப்போ சிறிதும் இல்லாமல், இந்த ஒரு காரணத்தாலேயே சரிவில் ஒரு பகுதி உண்டாகும் என்பதை ஆந்திரேயாஸ் கிளாக்னர் 2016இல் கணினிப் பாவனையால் காட்டி, விளைவின் அளவு மிகைப்படுத்தப்பட்டது என்று முடித்தார். நேரத்தைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுப்பது மூடத்தனம் அன்று. மனிதரின் அறிவின்மைக்கு எடுத்துக்காட்டாக உலகமெங்கும் மேடையேற்றப்படும் இந்த ஆய்வில், ஒருவேளை அறிவோடு நடந்துகொண்டவர்கள் அந்த நீதிபதிகள் மட்டுமாகக்கூட இருக்கலாம்.

தென்றல்:
"ஒரு பகுதி" என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பகுதி எங்கே போயிற்று? மேலும், வகைகள் கூடினால் தேர்ந்தெடுப்பது கடினமாகுமா என்ற ஜாம் விவாதத்தில் நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 விழுக்காட்டினரும் 6 வகை வைத்தபோது 30 விழுக்காட்டினரும் வாங்கினார்கள் என்ற 2000ஆம் ஆண்டு ஆய்வை அன்று வானளாவப் புகழ்ந்தவர் நீங்கள். 50 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரி விளைவு பூச்சியத்தை ஒட்டி இருந்ததாக 2010இல் வெளிவந்ததை நான் எடுத்துக்காட்டியதும் காணாமல் போனீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் எங்கும் போகவில்லை. சராசரி பூச்சியம் என்றால் எங்குமே விளைவில்லை என்று பொருளாகாது. சில சோதனைகளில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் இருந்தது. அன்றே அதை எழுதினேன். படிக்காதது உங்கள் விருப்பம்.

தென்றல்:
ஜாமுக்கு ஒரு நீதி, நீதிபதிக்கு ஒரு நீதியா? உங்களுக்குப் பிடித்த ஆய்வு என்றால் சராசரிக்குள் நுணுக்கம் தேடுவீர்கள், பிடிக்காதது என்றால் ஒரே மறுப்புக் கடிதத்தில் புதைத்துவிடுவீர்கள்.

மெய்யறிவன்:
எதிர்ப்பக்கத்தை எண்ணிப் பாருங்கள் என்று நான் சொன்னது இதைத்தான்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, எதிர்ப்பக்கத்தை எண்ணிப் பார்த்ததால்தான் மறுப்புக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். அந்த அறிவுரையை வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
இரண்டு நிமிட வேறுபாட்டை வைத்துக்கொண்டு 65 விழுக்காட்டைப் பூச்சியமாக்கப் பார்க்கிறார். இதை நம்புகிறவருக்கு நான் எழுதிய வழிகள் எதுவும் பயன்படா.

கணக்குப்பிள்ளை:
2.16 நிமிடம். மேலும், முழுச் சரிவும் அதனால் வந்தது என்று நான் எங்கே எழுதினேன், காட்டுங்கள். வரிசையைப் பற்றிய என் கேள்வி மேலே மூன்று இடங்களில் நிற்கிறது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

தென்றல்:
மீதிப் பகுதி எங்கே என்று நானும் கேட்டிருக்கிறேன்.