பதாட் அடுக்கு வயல்கள்: போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். பிலிப்பைன்ஸில் இஃபுகாவ் மலைநாட்டு நெல்வயல்களைப் பார்க்க அம்மாவோடு முதல்முறையாகக் கிளம்புகிறேன். மணிலாவிலிருந்து இரவுப் பேருந்தில் பனாவே வரை போவது முடிவாகிவிட்டது. அதற்கப்புறம்தான் குழப்பம்.

பனாவே காட்சிமேடையோடு திரும்ப மனமில்லை. 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐந்து வயல் தொகுதிகளில் அந்த மேடையிலிருந்து தெரியும் வயல்கள் இல்லை. பதாட், பங்கான் ஊர்களின் வயல்கள் உண்டு. எனக்குப் பதாட் மேல்தான் ஆசை. ஊரைச் சுற்றி அரைவட்டமாகக் கல் அடுக்கிய வயல்கள். அந்த மலைகளில் வயலுக்கு மேலே முயோங் என்னும் குடும்பக் காடு மழைநீரைப் பிடித்துவைக்கிறது. அது வாய்க்காலில் வந்து மேல்வயல் நிறைந்ததும் கீழ்வயலுக்கு இறங்குகிறது. வயல்வேலை பார்த்தே வளர்ந்த அம்மாவுக்கு, அந்த மடைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

ஆனால் அவருக்கு மூட்டுவலி. வண்டி நிற்கும் இடத்திலிருந்து பதாட்டுக்குள் இறங்கி ஏறும் பாதை அவருக்குச் சரிப்படுமா? வரப்பில் நடக்காமலே வயல் தெரியும் தங்குமிடம் உண்டா? இல்லை, சாலையிலிருந்தே தெரியும் பங்கான் போதுமா? பெற்றோரோடு போனவர்கள் சொன்னால் பெரிய உதவி.

ஜூன் கடைசி, கதிர் முற்றும் சமயம் என்று யோசிக்கிறேன். மழை பாதையைக் கெடுக்குமா? உள்ளூர் வழிகாட்டியை அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாமா, முன்கூட்டியே சொல்லவேண்டுமா? அந்த மலைநாட்டின் பாரம்பரிய வகையான தினாவோன் அரிசியை விளைவித்தவர்களிடமே வாங்க முடிந்தால் அதையும் சொல்லுங்கள்.