திறமூலப் பேருந்துத் திட்டம்: கல்லூரியா, கம்பெனியா?

டவுன்பஸ்_கோவை: கோவையின் அரசு, தனியார் டவுன் பஸ்கள் எல்லாவற்றின் நிறுத்தம், வழித்தடம், நேரத்தை ஜிடிஎஃப்எஸ் என்ற, கூகுள் மேப் போன்ற செயலிகள் படிக்கிற பொது வடிவில் தொகுத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் முடிகிற மாதிரி திறமூலமாக வெளியிட நாங்கள் சில பேர் ஆரம்பித்திருக்கிறோம். இப்போது கூட்டாளிகள் வேண்டும். முதலில் ஒரு பொறியியல் கல்லூரியைப் பிடிப்போம் என்பது என் கருத்து. கென்யாவின் நைரோபியில் அப்படித்தான் நடந்தது. நைரோபிப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் எம்ஐடி, கொலம்பியா பல்கலைக்கழகங்கள், குரூப்ஷாட் என்ற சிறு நிறுவனம் எல்லாம் சேர்ந்தன. மாணவர்கள் மட்டாட்டு என்கிற தனியார் பயணிகள் வேன்களில் ஏறி, கையில் இருந்த செல்போனிலேயே 130-க்கும் மேற்பட்ட வழித்தடங்களைப் பதிந்தார்கள். 2014-ல் வரைபடம் வந்தது, 2015-ல் கூகுள் மேப்பிலும் ஏறியது.

நிரல்காரன்: அண்ணா, வரைபடம் ஒருமுறை போட்டுவிடலாம். பாலம் கட்டுகிறார்கள், ரோடு தோண்டுகிறார்கள் என்று வழித்தடம் மாறிக்கொண்டே இருக்குமே, அதை யார் திருத்துவது? மாணவன் நாலு வருஷத்தில் போய்விடுவான், பேராசிரியருக்குக் கட்டுரை வந்தால் போதும். சம்பளத்துக்கு ஆள் வைக்கக்கூடிய கம்பெனிதான் வேண்டும். பஸ் முதலாளிகளுக்கு ஜிபிஎஸ் கருவி விற்கிறவர்களிடம் பேசுங்கள்.

உக்கடம்வாசி: கம்பெனி மட்டும் நிரந்தரமா? திறமூல வரைபட மென்பொருள் செய்த மேப்ஜென் கம்பெனிக்குப் பின்னால் சாம்சங்கே இருந்தது, 2018 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அவர்களுடைய பாதை தேடும் மென்பொருளான வல்ஹாலா இன்றும் இருக்கிறது என்றால், உரிமம் திறந்ததாக இருந்ததால் மற்றவர்கள் எடுத்து நடத்த முடிந்தது, அவ்வளவுதான். ஜிபிஎஸ்காரரிடம் போவதாக இருந்தால் தரவு யாருடையது என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் நம் உழைப்பை அவர் பூட்டி வைத்துக்கொள்வார்.

நிரல்காரன்: நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. வல்ஹாலாவை எழுதியவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு கம்பெனிதானே?

டவுன்பஸ்_கோவை: அப்படியென்றால் பஸ் எப்போது வரும் என்று காட்டுகிற ஒன்பஸ்அவே என்ற திறமூல மென்பொருள்? 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களிடம் பிறந்தது. முக்கியமாக எழுதியவர் 2011-ல் கூகுளுக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை, நியூயார்க்கில் பஸ், ரயில் ஓட்டுகிற எம்டிஏ தன் 'பஸ் டைம்' சேவையையே அதை வைத்துத்தான் கட்டியது.

பெர்மிட்_அக்கா: தம்பி, அது ஏன் நிற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். சியாட்டில் வட்டாரத்தில் பஸ், ரயில் ஓட்டுகிற சவுண்ட் டிரான்சிட் போன்ற அமைப்புகள் செலவை ஏற்றன. பயணத்துக்கு வழி சொல்லும் ஓபன்டிரிப்பிளானர் என்ற திறமூல மென்பொருள் 2009-ல் தொடங்கியபோதே அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பான டிரைமெட் உள்ளே இருந்தது, அப்புறம் ஹெல்சின்கியின் எச்எஸ்எல், நார்வேயின் என்டூர் என்ற போக்குவரத்து அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. டெல்லியில் 2018-ல் ஐஐஐடி என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் பஸ் விவரங்களுக்குத் திறந்த தரவுத் தளம் அமைத்ததும் டெல்லி அரசின் போக்குவரத்துத் துறையோடு சேர்ந்துதான். கல்லூரியா கம்பெனியா என்று நீங்கள் இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள், பஸ்ஸை ஓட்டுகிறவரையும் பெர்மிட் கொடுக்கிறவரையும் யாருமே கூப்பிடவில்லை. தனியார் பஸ்ஸுக்கு டைமிங் போட்டுக் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அந்தத் தாள் கைக்கு வந்தால் மாணவர்கள் தெருவில் சரிபார்த்தால் போதும், எல்லாவற்றையும் புதிதாகப் பிடிக்க வேண்டாம்.

நிரல்காரன்: அரசு அலுவலகத்தை நம்பினால் கடுதாசி போட்டே வருஷம் ஓடிவிடும், அக்கா.

பெர்மிட்_அக்கா: அதற்குத்தான் கல்லூரி. நாலு இளைஞர்கள் போய்க் கேட்பதும் ஒரு துறைத்தலைவர் கையெழுத்தோடு கேட்பதும் ஒன்றல்ல. ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு இறுதியாண்டு புராஜெக்ட் இதற்கு ஒதுக்க முடியுமா, அதற்கு எந்தப் பேராசிரியர் பொறுப்பு என்று கேளுங்கள்.

உக்கடம்வாசி: பஸ் முதலாளிகள் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. ஜிபிஎஸ், டிக்கெட் மெஷின் என்றாலே கலெக்‌ஷன் வெளியே போய்விடும் என்று நினைக்கிறார்கள். நமக்கு நேரமும் நிறுத்தமும் மட்டும் போதும், டிக்கெட் கணக்கு வேண்டாம் என்று சங்கத்தில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

நிரல்காரன்: சரி, தாளும் சங்கமும் முதலில் என்றே வைத்துக்கொள்வோம். சர்வர் வாடகையும் திருத்துகிற ஆளின் சம்பளமும் அப்போதும் வேண்டும், அதைக் கல்லூரி தராது. ஜிபிஎஸ்காரரிடம் நான் பேசுகிறேன், உரிம வரிகளை உக்கடம்வாசி எழுதித் தரட்டும், அது இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.