கிளஸ்டரின் எல்லாச் சர்வர்களிலும் ஒரே வட்டு ஒரே பெயரில் தெரிய என்ன வழி?

கேள்வி

வணக்கம். மூன்று லினக்ஸ் சர்வர்கள் கொண்ட கிளஸ்டரில் (ஒன்றாகச் செயல்படும் சர்வர் குழுவில்) ஜிஎஃப்எஸ்2 என்ற பகிர்வுக் கோப்பு முறைமையை அமைத்து வருகிறேன். நான்கு லன்கள் (ஸ்டோரேஜ் தனி வட்டுகளாகக் காட்டும் பகுதிகள்) ஃபைபர் சேனல் என்ற ஸ்டோரேஜ் வலையமைப்பு வழியாக மூன்று சர்வர்களுக்கும் பகிரப்பட்டுள்ளன. முதல் சர்வரில் எஸ்டிபி என்று தெரியும் வட்டு இரண்டாவதில் எஸ்டிஎஃப் என்று தெரிகிறது. மூன்றாவதிலோ மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் பெயர்கள் இடம் மாறுகின்றன. ஒரே வட்டுக்கான பல பாதைகளை ஒன்றாக்கிக் காட்டும் மல்ட்டிபாத்தை இயக்கிய பிறகும் ஒன்றில் எம்பாத்ஏ என்றிருப்பது மற்றொன்றில் எம்பாத்சி என்று வருகிறது. பெயர் ஒன்றாக இருந்தால்தான் கோப்பு முறைமை சரியாக இயங்குமா? ஆம் எனில், அதை எப்படி உறுதி செய்வது?

மறுமொழி 1

எஸ்டிபி போன்ற பெயர்களை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், வட்டுகள் கண்ணில் படும் வரிசையில் வழங்குகிறது. அந்த வரிசை மாறாது என்ற உறுதி ஒரே சர்வரிலேயே கிடையாது. வேறு சர்வரோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவே இயலாது. எந்தச் சர்வரிலிருந்து கேட்டாலும் மாறாமல் வருவது, ஸ்டோரேஜ் ஒவ்வொரு லன்னுக்கும் அளித்திருக்கும் டபிள்யூடபிள்யூஐடி என்ற அடையாள எண் மட்டுமே.

எம்பாத்ஏ, எம்பாத்பி என்ற பெயர்களை ஒவ்வொரு சர்வரும் தானாகவே சூட்டி, தன்னுடைய பைண்டிங்ஸ் கோப்பில் (எந்த அடையாள எண்ணுக்கு எந்தப் பெயர் என்ற பட்டியலில்) எழுதிக்கொள்கிறது. அந்தக் கோப்பு சர்வருக்குச் சர்வர் தனித்தனி என்பதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம். மல்ட்டிபாத் அமைவுக் கோப்பின் மல்ட்டிபாத்ஸ் பகுதியில் ஒவ்வொரு டபிள்யூடபிள்யூஐடிக்கும் ஓர் ஏலியாஸ் (நாமே வைக்கும் பெயர்) எழுதி, அந்தப் பகுதியை மூன்று சர்வர்களிலும் எழுத்து பிசகாமல் வையுங்கள். ஏலியாஸ் பெயரை 'எம்பாத்' என்று தொடங்க வேண்டாம். தானாகச் சூட்டப்படும் பெயரோடு அது மோதக்கூடும். வட்டு இணைந்துள்ள வழியைக் கொண்டு பெயரிடும் பைபாத் இணைப்புகளையும் நம்ப வேண்டாம். அவற்றில் ஸ்டோரேஜுடன் இணைக்கும் எச்பிஏ கார்டின் பிசிஐ முகவரி இருப்பதால், கார்டு வேறு ஸ்லாட்டில் இருந்தாலே பெயர் மாறிவிடும்.

மறுமொழி 2

முதல் கேள்விக்கு நேரடியான விடை: கோப்பு முறைமைக்கு அந்தப் பெயர் தேவையில்லை. வட்டு இடத்தைத் தொகுதிகளாக நிர்வகிக்கும் எல்விஎம் தன் வட்டுகளை அவற்றின்மேல் எழுதப்பட்டுள்ள யுயுஐடி என்ற தனி அடையாளத்தைக் கொண்டே கண்டுபிடிக்கிறது. ஜிஎஃப்எஸ்2 கிளஸ்டரில் தன்னை அடையாளம் காட்டும் லாக் டேபிள் பெயரை, வட்டிலேயே உள்ள தன் சூப்பர்பிளாக்கில் (கோப்பு முறைமையின் அடிப்படைத் தகவல் பகுதியில்) வைத்திருக்கிறது. ஜிபிஎஃப்எஸ் என்ற மற்றொரு கிளஸ்டர் கோப்பு முறைமை ஒவ்வொரு வட்டிலும் என்எஸ்டி அடையாளத்தை எழுதுவதும், அதே வகையான ஓசிஎஃப்எஸ்2-இன் தொகுதியை லேபிள் அல்லது யுயுஐடி கொண்டு மவுன்ட் செய்ய முடிவதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் நிர்வாகிக்கு அந்தப் பெயர் கட்டாயம் தேவை என்பது என் உறுதியான கருத்து. வட்டை எல்விஎம்முக்குத் தயார்செய்யும் பிவிகிரியேட், வட்டின் அடையாளங்களை அழிக்கும் வைப்எஃப்எஸ் போன்ற கட்டளைகளை நாம் பெயரைத் தட்டச்சு செய்துதான் இயக்குகிறோம். ஒரு சர்வரில் காலியான வட்டைக் குறிக்கும் பெயர் இன்னொன்றில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும் வட்டைக் குறித்தால், ஒரே வரியில் எல்லாச் சர்வர்களின் தரவும் அழிந்துவிடும். மேலும், ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 முதல் எல்விஎம் டிவைசஸ் கோப்பு (எல்விஎம் பயன்படுத்தக்கூடிய வட்டுகளின் பட்டியல்) இயல்பாகவே செயல்பாட்டில் இருப்பதால், பகிர்ந்த வட்டை ஒவ்வொரு சர்வரிலும் எல்விஎம்டிவைசஸ் கட்டளையால் சேர்க்க வேண்டும். அப்போதும் பொதுப் பெயர் இருந்தால் தவறு நேராது.

மறுமொழி 3

மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். ஸ்டோரேஜில் எடுத்த ஸ்னாப்ஷாட்டையோ குளோனையோ (வட்டின் நகல்கள்) அதே சர்வர்களுக்குக் காட்டினால், உள்ளே இருக்கும் யுயுஐடியும் லேபிளும் மூலத்தில் உள்ளவையாகவே இருக்கும். டபிள்யூடபிள்யூஐடி மட்டுமே வேறுபடும். ஆகவே யுயுஐடியை மட்டும் நம்பியிருக்கும் அமைப்பில் எது மூலம், எது நகல் என்று பிரித்தறிய முடியாமல் போகும். நகலைப் பயன்படுத்துவதற்கு முன் விஜிஇம்போர்ட்குளோன் கட்டளையால் அதன் எல்விஎம் அடையாளங்களை மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஏலியாஸ் எழுதிய பின் இரண்டு சர்வர்களில் பெயர்கள் ஒத்துவிட்டன. மூன்றாவதில் மட்டும் மறுதொடக்கத்திற்குப் பிறகு பழைய எம்பாத் பெயரே திரும்ப வருகிறது. அமைவுக் கோப்பில் எந்த வேறுபாடும் இல்லை.

மறுமொழி 1

அந்தச் சர்வரின் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் சிறிய கோப்புத் தொகுப்பில்) அமைவுக் கோப்பின் பழைய பிரதி இருக்கக்கூடும். பூட்டின் தொடக்கத்தில் அதைப் படித்தே மல்ட்டிபாத் பெயர் சூட்டிவிடுகிறது. டிராகட் கட்டளையை எஃப் விருப்பத்துடன் இயக்கி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கிய பின் மறுதொடக்கம் செய்யுங்கள். அதன் பிறகு மூன்று சர்வர்களிலும் மல்ட்டிபாத் கட்டளையை இரட்டை எல் விருப்பத்துடன் இயக்கி, ஒவ்வோர் ஏலியாசுக்கும் எதிரே உள்ள டபிள்யூடபிள்யூஐடியின் கடைசி இலக்கம்வரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஸ்டோரேஜிலிருந்து வரும் லன்களின் எண்கள் பெரும்பாலும் இறுதிச் சில இலக்கங்களில் மட்டுமே வேறுபடும்.