புதுப்பிப்பு: முதியோர் கிளினிக்கில் வேன் நின்ற பிறகு நோயாளிகள் வருவது எப்படி?

ஹூஸ்டனில் நான் வேலை பார்க்கும் முதியோர் கிளினிக்கில் சிக்கனம் என்று சொல்லி நோயாளிகளுக்கான வேனை நிறுத்திவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, காப்பீட்டு அட்டையின் பின்பக்க எண்ணை அழைக்கச் சொன்ன யோசனைதான். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிக்கேரைத் தனியார் நிறுவனங்கள் வழியாகத் தரும் 'மெடிக்கேர் அட்வான்டேஜ்' திட்டங்கள் பலவற்றில் இலவசப் பயணச் சலுகை இருக்கிறது. எங்கள் நோயாளிகளில் பலருக்கு அது இருப்பதே தெரியவில்லை. முழு மெடிக்கெய்டும் (குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்குப் பயண ஏற்பாடு செய்வது மாநிலத்தின் கடமை. மெடிக்கேர் பிரீமியத்துக்கு மட்டும் உதவி பெறுபவர்கள் இதில் சேரமாட்டார்கள்.

எதிர்பாராதவை சில. போக ஒன்று, வர ஒன்று எனச் சவாரியை இரண்டாகக் கணக்கிடுகிறார்கள். அதனால் அட்வான்டேஜ் திட்டம் தரும் சவாரிகளின் ஆண்டு வரம்பு சீக்கிரமே கரைகிறது. சில நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும், ஆகவே திடீர்க் காய்ச்சலுக்கு உதவாது. ஓட்டுநர் சாலையோரத்திலேயே நின்றுவிடுவார். வாக்கரோடு மாடியிலிருந்து இறங்கிய பாட்டி ஒருவர், கதவைப் பூட்டிவிட்டு வருவதற்குள் கார் போய்விட்டது. பதியும்போதே "வாசல்வரை உதவி வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்; கிடைக்குமா என்பது திட்டத்தைப் பொறுத்தது.

இந்த அழைப்புகளெல்லாம் இப்போது வரவேற்பு மேசைப் பெண்ணின் தலையில். அவருக்குக் கூடுதல் ஆள் தரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேனைத் திரும்பக் கேட்டு மருத்துவர்கள் எழுதிய கடிதத்துக்கு, பரிசீலிக்கிறோம் என்றதோடு சரி.